மலைக்கு முதுகு காட்டிய பூக்கள்

சந்திரம்மாள் மடையை மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது, கணவன் வேடியப்பன் அரிவாளோடு வரப்பில் நின்றிருந்தான். அவன் பார்வை அவளைத் தாண்டி, ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்ற சூரியகாந்திப் பயிரின்மேல் இருந்தது. மாலை வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. பூக்களோ அத்தனையும் கிழக்கே பார்த்து நின்றன.

“இன்னிக்கும் திரும்பலியா?” என்றான்.

“இல்ல.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு வரைக்கும் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவர்கள் ஊரில் யாரும் சூரியகாந்தி போட்டதில்லை. வேர்க்கடலை, நெல், மறுபடியும் வேர்க்கடலை. திருவண்ணாமலையில் எண்ணெய் மில் வைத்திருந்த மதார் சாகிப்தான், இது புதுசாக வந்திருக்கிற விதை என்றும், விளைந்தால் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். வேடியப்பன் தயங்கினான். தாய்வீட்டுப் பங்காகத் தனக்கு வந்த கிணற்றடிக் கொல்லை நிலத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று துணிந்தவள் சந்திரம்மாள். “பூவ போய் யாராவது கொல்லை முழுக்க வெப்பாங்களா?” என்று மாமியார் ரேணுகாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மொட்டு விட்டதும் பேச்சு மாறியது. காலையில் கிழக்கே பார்த்த மொட்டுகள் வெயிலோடு கூடவே மெல்லத் திரும்பி, சாயங்காலம் மேற்கே அண்ணாமலையைப் பார்த்து நின்றன. ஊரே வந்து பார்த்தது. பயிர்கூட மலையைக் கும்பிடுகிறது என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ரேணுகாம்பாள் வரப்பில் கற்பூரம் ஏற்றினாள்.

பூ விரிந்து தட்டு அகலமானதும் திரும்புவது நின்றுபோயிற்று. காலையிலும் கிழக்கு, மாலையிலும் கிழக்கு. மலைக்கு முதுகு. கும்பிட்டுப் போனவர்களே இப்போது சாமி குத்தம் என்றார்கள். நோய் என்றார்கள், பக்கத்துக் கடலைக்கும் தொற்றும் என்றார்கள்.

“அம்மா நேத்துலேர்ந்து சோறு துன்னல. அறுத்து மாட்டுக்குப் போட்டுட்டு, கெணத்துல கீற தண்ணிக்கு கம்பு வெச்சிக்கலாம் சந்திரா.”

அவள் அவன் கையைப் பிடித்துக் கிணற்றோரத்துக்கு அழைத்துப் போனாள். முதலில் ஊன்றிய விதை முளைக்காமல் போன அந்த இடத்தில் அவள் பின்னால் ஊன்றியவை இன்னும் மொட்டாகத்தான் இருந்தன. எல்லாம் மேற்கே, சாயும் சூரியனைப் பார்த்துக் கழுத்தை வளைத்திருந்தன. அதை ஒட்டியே, அதே மண்ணில், பெரிய பூக்கள் கிழக்கே பார்த்து நின்றன.

“நோவுன்னா இதுக்கும் வந்திருக்கணும்ல? சாமி கோவம்னா இத மட்டும் வுட்டுடுவாரா? இது இன்னும் வளருது, அதான் திரும்புது. அது வளந்து முடிஞ்சிச்சி. தொட்டுப் பாருங்க.”

அவன் அரிவாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு தொட்டுப் பார்த்தான். மொட்டின் கழுத்து இளசாக விரலுக்கு வளைந்துகொடுத்தது. பூவின் காம்பு முற்றிப்போய்க் கழிபோல விறைத்திருந்தது. தட்டில் விதைகள் நெருக்கிக்கொண்டு பால் கட்டத் தொடங்கியிருந்தன. 

“இத எப்ப பாத்த?”

“நெதம் பாத்துகினுதான் இருக்கேன். எனக்கே நிச்சயமா தெரியாம இன்னான்னு சொல்றது?”

“ஊர்ல கேட்டாங்கன்னா?”

“எங்கிட்ட அனுப்புங்க.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் வேடியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து வரப்புப் புல்லை ஒரு கட்டு அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

கேட்க வந்தவர்களை எல்லாம் சந்திரம்மாள் கிணற்றோரத்துக்கு அழைத்துப்போய்த் தொட்டுப் பார்க்க வைத்தாள். ரேணுகாம்பாள் மட்டும் வரவில்லை. பால் முற்றிக் கிளிகள் இறங்க ஆரம்பித்த ஒரு காலையில், கஞ்சியோடு வந்த சந்திரம்மாள் தூரத்திலேயே தகரம் தட்டும் சத்தத்தைக் கேட்டாள். சேலையை ஏறச் செருகிக்கொண்டு, பூக்களுக்கு நடுவே மாமியார் ஒரு எண்ணெய் டின்னை அடித்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள்.

“யாரு கொல்லைமா இது?”

“எங்க சந்திரா வெச்சது!” என்று கத்திவிட்டு ரேணுகாம்பாள் டின்னை ஓங்கி அடித்தாள். மஞ்சளுக்குள்ளிருந்து கிளிக்கூட்டம் பச்சையாகக் கிளம்பி பஸ்ஸின் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றியது. சந்திரம்மாள் கஞ்சிக் குண்டானை இடுப்பில் வைத்தபடி, கூப்பிடாமல், பார்த்துக்கொண்டே நின்றாள்.