சாக்கிட் இல்லை

எண்பத்தாறாம் வருடம் மூன்று மாதமாக மிஸ்டர் லிம்மின் பின்னால் அலைந்ததில் எனக்கே என்மேல் எரிச்சல். அவர் மலேசியாவில், ஈப்போ நகரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் நிர்வாகி. நான் நர்ஸ், தோட்டத்து ஜனங்களுக்கு மிஸ்ஸி. இனி பிழைக்கமாட்டார்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்ட புற்றுநோயாளிகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வேனில் மார்பின் மருந்து கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன். அந்த வேனை நிறுத்தப்போகிறேன் என்றார் லிம். எத்தனை பேர் குணமானார்கள் என்பதே அவருடைய ஒரே கேள்வி. குணமாகமாட்டார்கள், வலியில்லாமல் இருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

கடைசியில், வந்து கண்ணால் பாருங்கள் என்று சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக்கு இழுத்துப் போனேன். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசி வீட்டில் சன்னாசி அண்ணன், பால்மரம் சீவியவர். முதுகெலும்பில் புற்று. போன தீபாவளிக்கு வலி தாங்காமல் அவர் போட்ட கூச்சலில் லயமே தூங்கவில்லை. இப்போது வாசலில் உட்கார்ந்து கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். பெரிய துரை வருகிறார் என்று வெள்ளைச் சட்டை வேறு.

இன்னும் சாக்கிட்டா என்று லிம் மலாயில் கேட்டார். மலாயில் வலி, நோய் இரண்டுக்கும் சாக்கிட் என்ற ஒரே சொல்தான். வலியைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு அண்ணன் பெருமையாக, சாக்கிட் இல்லை துவான், நல்லாகிவிட்டது என்றார்.

நோய் போய்விட்டதென்றால் மருந்து எதற்கு, வேன் எதற்கு என்று லிம் என்னிடம் திரும்பினார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மருந்து இருப்பதால்தான் வலி இல்லை என்று தலைகீழாக நின்று விளக்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாங்கள் பேசியது அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. பத்து மணி மருந்தோடு அவர் மனைவி வீரம்மா வந்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

"வேணா. இவரு இருந்து பாக்கட்டும் லா."

"அண்ணே, வெளையாடாதீங்க. குடிங்க."

"எனக்கு மட்டுமா, மிஸ்ஸி? வேன் நின்னுட்டா மேல் லயத்துல இதே நோவுல கெடக்குற பத்துமலைக்கு யாரு மருந்து கொண்டாருவா?"

கெஞ்சினேன், திட்டினேன். வீரம்மா அழுதாள். மனுஷன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். லிம்மிடம் விஷயத்தைச் சொன்னேன். நாடகம் என்று நினைத்தாரோ என்னவோ, வீரம்மா போட்டுக் கொடுத்திருந்த காப்பியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினொன்றுக்குள் வெள்ளைச் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டிவிட்டது. பிறகு அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்து, அம்மா என்று கத்த ஆரம்பித்தார். லிம் எழுந்த வேகத்தில் காப்பி அவர் மேலேயே கொட்டியது.

"மருந்து குடு, மிஸ்ஸி. குடு," என்றார் மலாயில்.

குடித்த மருந்து உடனே கேட்காது. அரை மணி நேரம் அந்த அலறலை அவரும் கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

திரும்பும் வழியில், வேனை நிறுத்தப்போவதில்லை என்றார். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மூன்று மாதமாக நான் வாயால் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால், சன்னாசி அண்ணன் அன்றைக்குக் கதறியிருக்க வேண்டியதில்லை.