அளவுக்கு மிஞ்சிய குண்டு

உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் கணக்கு வராது என்பது கனகசிங்கத்தின் முடிவு. மட்டக்களப்பில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். கனடாவின் றொரன்ரோவுக்கு வந்தபின் பிறம்ரனில் தான் வேலைசெய்த கிடங்கில் சொன்னார். ரெக்ஸ்டேல் வீட்டில் சொன்னால் கேட்பதற்கு மனைவி நாகேஸ்வரி மட்டும்தான். அவள் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் விடியவே வேலைக்குப் போகிறவள். அவர் பேசும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. அவரைப் பற்றி அவளுக்குள் பெரிய மரியாதை எதுவும் மிச்சமிருக்கவில்லை.

1987 கோடையில் பக்கத்து வீட்டு றோய் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில் ஊருக்கு அப்பால் ஒரு புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். றோய் தபாற்காரராக இருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். அங்கே ஒரு சங்கத்தைச் சேர்ந்த இருபது பேரளவில் பழைய பிரித்தானிய ஆமியின் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, இருநூறு வருடத்துக்கு முந்திய மாதிரியில் செய்த துவக்குகளால் தூரத்தில் கட்டியிருந்த தாளைக் குறிபார்த்துச் சுட்டார்கள். ஊரில் இடியன் துவக்கு என்பார்களே, அந்த இனம். குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறக்கிவிட்டுச் சுடவேண்டும். விசையை இழுத்தால் தீக்கல் இரும்பில் அடித்துப் பொறி பறக்கும், அது பக்கத்துச் சின்னக் கிண்ணத்தில் உள்ள மருந்தில் பிடித்து ஒரு துளைவழியாகக் குழலுக்குள் போகும்.

வரும் வழியில் கனகசிங்கம் தமிழில் சொன்னார்: "நரைச்ச குழந்தைகள். நாலு வெடிக்கு ஒண்டுகூடத் தாளில படல்ல."

றோய் தனக்குத்தான் நன்றி சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினார்.

அடுத்த மாதமே கனகசிங்கம் அந்தச் சங்கத்தில் ஒருவரிடம் பழைய துவக்கொன்றை வாங்கிவிட்டார். அந்த நரைச்ச குழந்தைகளுக்குச் சுடுவது எப்படி என்று காட்டவேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாக நாகேஸ்வரிக்குத் தெரியவில்லை.

குண்டு எந்த அளவில் வேண்டும் என்று றோய் வேலிக்கு மேலால் விளக்கினார். குழலின் வாய் முக்கால் அங்குலம் என்பது பேச்சுக்குத்தான், ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடக்குறைய வரும். முதலில் குழலை அளக்கவேண்டும். பிறகு அங்குலத்தில் நூற்றில் நாலைந்து பங்காவது சிறிய குண்டாகப் பார்க்கவேண்டும். இடைவெளியைத் துணியோ கடதாசியோ நிரப்பும். ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே கரி படியும், அதற்கும் இடம் வேண்டும்.

கனகசிங்கம் பொறுமையாகக் கேட்டார். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார்.

"இடைவெளி விட்டாக் குண்டு குழலுக்குள்ள அங்கயும் இங்கயும் முட்டித்தான் போகும். பிறகெப்படி நேராப் போறது? வாயளவுக்கு இறுக்கமா இருந்தா நேராப் போகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். இவங்கட ஆமி அமெரிக்காவில தோத்தது சும்மாவா?"

தபாலில் குண்டு வார்க்கும் ஓர் அச்சை எடுப்பித்தார். வாயைவிட மயிரிழைதான் சிறிய குண்டு அதில் வரும். அச்சோடு வந்த தாளை அவர் குப்பையில் போட, நாகேஸ்வரி எடுத்து வாசித்தாள்.

"இஞ்ச பாருங்க. றோய் சொன்னதத்தான் இதிலயும் போட்டிருக்கு. பெரிய குண்டு கரியில இறுகும் எண்டு. பாதியில இறுகினாச் சுடவே வேணாமாம், குழல் வெடிக்குமாம்."

"அது கணக்குத் தெரியாத ஆக்களுக்கு எழுதினது."

அவள் இரண்டாந்தரம் சொல்லவில்லை. சொல்லி வீணாக்குவதற்கு அவளிடம் அவ்வளவு மூச்சு இல்லை. அவர் அவளுடைய பொங்கல் புக்கைப் பானையை எடுத்துப்போய்க் கராஜில் ஈயம் உருக்கினார். அவள் பானையைக் கழுவவில்லை. குப்பையோடு வெளியே வைத்தாள்.

செப்ரெம்பர் போட்டிக்கு அவரோடு அவளும் போனாள். அவர் கூப்பிடவில்லை. தாளை வாசித்தபின் தனியே விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் வெடி குறித்தாளின் நடுவுக்குக் கிட்டப் பட்டது. இரண்டாவதும் அப்படியே. கனகசிங்கம் திரும்பி, சிவப்புக் கோட்டுக்காரர் ஒவ்வொருவரையும் சாவகாசமாகப் பார்த்தார். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை அது. மூன்றாவது குண்டை இறக்க இரண்டு கையாலும் கோலை அமத்தவேண்டியிருந்தது. அது தாளின் ஓரத்தில் பட்டது. நாலாவது குழலின் பாதியில் நின்றுவிட்டது. கோலை ஊன்றிப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். குண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

வரிசையின் மறுமுனையில் நின்ற றோய் கையை உயர்த்தி, நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சுட்டா வெளியால போகும்தானே," என்று கனகசிங்கம் தனக்குள் சொல்லிக்கொண்டு, தீக்கல்லுக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் மருந்தைத் தூவித் துவக்கைத் தூக்கினார்.

நாகேஸ்வரி பார்க்க வந்தவர்களை மறித்துக் கட்டிய கயிற்றைத் தாண்டிப் போய், துவக்கைப் பிடித்துச் சரித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். மருந்து புல்லில் கொட்டியது. கவிழ்த்த கையைக் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"தள்ளு. ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். கை போனா உங்களுக்குச் சோறு ஊட்டுறது நான்தான். எனக்கு ஏலாது."

அவர் விசையிலிருந்து விரலை எடுத்தார்.

றோய் வந்து துவக்கை வாங்கிக் கல்லைக் கழற்றினார். பக்கத்துத் துளைவழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை நனைத்தார். கோலின் நுனியில் ஒரு திருகாணியைப் பூட்டிக் குண்டுக்குள் முறுக்க, இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் ஈயம் வந்தது, வழுவழுவென்று, ஓட்டை விழுந்து. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கனகசிங்கம் சண்டை பிடித்திருப்பார், அதற்கும் அவர்கள் வழிவிடவில்லை.

காரில் அவர் சொன்னார்: "மருந்து சரியில்ல. குண்டில பிழையில்ல. நீ என்னச் சபையில வச்சு அவமானப்படுத்திப்போட்டாய்."

நாகேஸ்வரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டக்களப்பில், கல்லடி வீட்டுக்கு ஆமி வந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. ஆமி பிடிப்பது ஆண்களைத்தான். அதனால் அவர் பின்மதிலால் பாய்ந்து ஓடினார், அவள் வாசலில் நின்று பதில் சொன்னாள். ஓடினது சரி. அதில் அவளுக்கு அவர்மேல் குறையில்லை. ஆனால் இங்கே வந்து ஒவ்வொரு பிறந்தநாள் வீட்டிலும் தானே வாசலில் நின்று, ஒப்பீசரோடு இங்கிலீசில் கதைத்து அனுப்பியதாகச் சொல்கிறாரே, அதை அவளால் மன்னிக்க முடியவில்லை. அவர் சொல்லும்போதெல்லாம் அவள் றோல்ஸ் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"கல்லடியில வாசலில நிண்டது ஆர் எண்டு இனி நீங்க கதைக்கிற இடத்தில நானும் கதைப்பன்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய தங்கை தவமலர் வீட்டில் யாரோ கல்லடிக் கதையைக் கேட்டபோது, தலையிடி என்று எழுந்து காருக்குப் போய்விட்டார்.

அதற்குப்பின் அவர் அந்த வெளிப்பக்கம் போகவில்லை. மடையர்களின் சங்கம் என்றார். துவக்கு வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ரில் சுவரோடு சாய்ந்து கிடந்தது. ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு நாகேஸ்வரி அதை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு றோயின் காரில் ஏறினாள்.

றோய் முதலில் குழலை அளந்தார். தன்னுடைய சிறிய குண்டுகளில் ஒரு பையைத் தந்தார். துணியில் சுற்றிய குண்டு கோலுக்கு அடங்கிச் சுகமாக இறங்கியது. துவக்கு அவளுடைய தோளில் மாடு முட்டினமாதிரி முட்டியது. பத்து வெடியில் ஐந்து தாளில் பட்டது, ஒன்றுகூட நடுவில் இல்லை. ஆனால் பத்தாவது குண்டும் முதலாவதைப்போலவே அடிவரைக்கும் போனது.

முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்தாள். கனகசிங்கம் சோபாவில் இருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தின பட்டது?"

"அஞ்சு."

"பாத்தியா. இறுக்கமான குண்டெண்டா எட்டெண்டாலும் பட்டிருக்கும். ஏனெண்டா..."

அவர் காரணத்தைத் தொடங்கினார். நாகேஸ்வரி முகம் கழுவப் போய்க் கதவைச் சாத்தி, தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.