கடல் தெரியும் வளைவு

மலைத் தடங்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்னை அளவுகோல் என்று கூப்பிடுவார்கள். பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊருக்கு மூன்று பக்கமும் கடல், நடுவில் நீளமாக ஒரு மலை. அந்த மலையில் சைக்கிளுக்கென்றே தடங்கள் வெட்டியிருக்கிறார்கள். எளிய தடத்துக்குப் பச்சைப் பலகை, ஓரளவு பழகியவர்களுக்கு நீலம், எலும்பைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்குக் கறுப்பு. புதுத் தடத்துக்கு என்ன நிறம் என்று முடிவு செய்ய, அதை முன்பின் பார்க்காத, சுமாராக ஓட்டுகிற ஓர் ஆள் வேண்டும். சங்கத்தில் என்னைவிடச் சுமாராக ஓட்ட ஆள் கிடையாது என்பதால் அந்தப் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வெட்டியவனே ஓட்டிப் பார்த்துச் சொல்லக் கூடாதா என்றால், கூடாது. அவன் அங்கேயே நடந்து, குனிந்து, தோண்டி, ஒவ்வொரு கல்லோடும் உறவு கொண்டாடியிருப்பான். அவனுக்கு எல்லாமே பச்சைதான். நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். முன்னால் போனவர் எழுத்து அட்டையை வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அட்டையை மாற்றினால் முழிப்பார்கள். தடத்திலும் முதல் தடவை ஓட்டுவதுதான் சோதனை. இரண்டாம் தடவை வெறும் ஒப்பித்தல்.

தென்பக்கச் சரிவில் புதுத் தடத்தை வெட்டியவன் என் தம்பி. வீடுகளுக்குக் குழாய் மாட்டுவது அவன் தொழில். விடுமுறை நாளெல்லாம் மண்வெட்டியும் கையுமாக மலையிலேயே கிடந்தான். யாருக்காக என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும், அவன் மனைவிக்காக.

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறாள். வீட்டிலும் வெளியிலும் அவளுக்கு டிரைவர் என்றே பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இருவரும் மலை உச்சியிலிருந்து ஒரு பழைய தடத்தில் சைக்கிளில் இறங்கினார்கள். தம்பி முன்னால் போய்க்கொண்டே, ஈசிதான், பிரேக்கை விட்டுட்டு வா என்று திரும்பிக் கத்தினான். அவளும் நம்பிப் பிரேக்கை விட்டாள், விழுந்தாள். தோள்பட்டை உடைந்து உள்ளே தகடு வைத்தார்கள். பல மாதம் பஸ்ஸின் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. டிப்போவில் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்து, குடையும் டிபன் பாக்ஸும் தேடிக் கொடுக்கச் சொன்னார்கள். தோள் உடைந்தபோது அழாதவள் அந்த அறைக்குப் போன முதல் நாள் அழுதாள். பிறகு பஸ் திரும்பக் கிடைத்தது. சைக்கிள் மட்டும் பின்னறைச் சுவரில் மாட்டினது மாட்டினபடியே இருந்தது. அதன் ஹேண்டில்பாரில் துணி காயப்போட்டார்கள்.

தடம் முடிந்ததும், ஒரு நாள் மூன்று பேரும் சாப்பிடும்போது, ஓட்டிப் பார்க்க வா என்று தம்பி அவளைக் கூப்பிட்டான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க தம்பிக்கு எல்லாமே ஈசிதான் அண்ணி. நீங்க ஓட்டிப் பாத்து நீலம்னு சொல்லுங்க, வர்றேன். இன்னொரு தடவ விழுந்தா எனக்கு அந்தக் குடை ரூம்தான்."

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் இரண்டு வருட உழைப்பும் அவள் தோளும் சேர்ந்து என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் காலையில் ஓட்டினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அருமையான தடம். மரங்களுக்குள் வளைந்து வளைந்து இறங்கும். ஒவ்வொரு வளைவின் வெளிப்பக்கத்திலும் மண்ணை அணை போல் உயர்த்தி, சறுக்கினாலும் தாங்கிக்கொள்ளும்படி செய்திருந்தான். என் தம்பியா என்று பெருமைப்பட்டுக்கொண்டே வந்தேன். சட்டென்று மரங்கள் முடிந்தன. இடது பக்கம் முழுக்கக் கடல். அட, என்று திரும்பிப் பார்த்தேன். சைக்கிளில் ஒரு சங்கதி உண்டு. கண் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, வண்டி அந்தப் பக்கம் போகும். நான் கடலைப் பார்த்தேன், சைக்கிள் கடலுக்குக் கிளம்பியது. நல்லவேளை, சரிவில் ஒரு முட்புதர் என்னைப் பிடித்துக்கொண்டது.

தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான். முழங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே கறுப்பு என்றேன்.

"அக்கா, அந்த ஒரு வளைவுதான். நீ கடலைப் பாத்துட்டே."

"பாக்கணும்னுதானேடா அங்க கொண்டுவந்து விட்டிருக்கே?"

அவன் முகம் தொங்கிப்போயிற்று. அப்புறம் மெல்லச் சொன்னான். நாள் முழுக்கக் கடலோர ரோட்டிலேயே பஸ் ஓட்டுகிறாளாம், ஆனால் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது என்பாளாம். அவளுக்குக் காட்டத்தான் பாறையைச் சுற்றித் தடத்தை அங்கே திருப்பினானாம். கேட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனாலும் நிறத்தை மாற்றவில்லை. நாத்தனார் வேலையைக் காட்டிவிட்டாய் என்று முணுமுணுத்தபடி என் சைக்கிளைப் புதரிலிருந்து இழுத்தான்.

கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, வளைவுக்கு முன்னால் ஒரு மண்மேடு போட்டான். ஏறும்போது வண்டியின் வேகம் தானாகவே குறைந்துவிடும். சங்கத்தில் எல்லோரும் மண் சுமந்தார்கள். முடிந்ததும் நேராக என்னிடம் வந்தான். நான் முடியாது என்றேன். அந்த அட்டையை நான் ஏற்கெனவே வாசித்துவிட்டேன். மற்றவர்கள் மண் சுமந்தே மனப்பாடம் பண்ணிவிட்டார்கள்.

இந்தப் பேச்சு அவர்கள் சமையலறையில் நடந்தது. டிரைவர் மேஜைமேல் போர்வையை விரித்து யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலர் முடிந்து கைக்கு வந்தபோது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சுமாரா ஓட்டணும், தடத்தைப் பாத்திருக்கக் கூடாது. அவ்வளவுதானே? அப்ப நான்தான்."

வேண்டாம் என்றான் தம்பி. வெளியூரிலிருந்து யாரையாவது கூட்டிவருகிறேன் என்றான், மழை வரட்டும், மண் இறுகட்டும் என்றான். ஈசி என்ற வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. அவள் பின்னறைக்குப் போய், சைக்கிள்மேல் காய்ந்த துண்டுகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

சோதனை அன்று நான் வளைவில் நின்றேன். தம்பி அடிவாரத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தான். பார்த்தால், வளைவுக்குக் கீழே அதே முட்புதரின் நடுவில் இரண்டு கையையும் விரித்தபடி நிற்கிறான். புத்தி இருக்கிறதாடா என்று கிசுகிசுத்தேன். சும்மா இரு என்று சைகை காட்டினான். முழங்கை வரை கீறல்.

மேலே மரங்களுக்குள் பிரேக் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டே வருகிறாள். அன்றைக்கே நீலம் என்று சொல்லியிருந்தால் இப்போது இவள் விழுந்தால் பழி என்மேலல்லவா வரும் என்று நினைத்தேன், நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

மரங்களிலிருந்து வெளியே வந்தாள். மேட்டில் ஏறினாள், வேகம் குறைந்தது. இடது பக்கம் முழுக்கக் கடல். அவள் திரும்பவே இல்லை. நின்றுகொண்டு வரும் பயணிகள் யாரும் விழுந்துவிடக் கூடாது என்பதைப் போல அவ்வளவு நிதானமாக வளைவைத் திருப்பினாள். என்னைத் தாண்டி, விரித்த கையோடு நின்ற புருஷனைத் தாண்டி, கொஞ்சம் கீழே தடம் சமதரையாகிற இடத்தில் போய்த்தான் காலை ஊன்றினாள்.

தம்பியின் கைகள் இறங்கின. விழவில்லையே என்ற நிம்மதியும், பார்க்கவில்லையே என்ற ஏமாற்றமும் ஒரே முகத்தில். எனக்கு அவனைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அவள் சைக்கிளைத் தரையில் படுக்க வைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்து மேலே ஏறி வந்து வளைவின் விளிம்பில் நின்றாள்.

"வண்டி ஓடறப்ப பக்கத்துல பாக்க மாட்டேன். பழக்கம்."

இப்போது பார்த்தாள். அடியில் கடலை ஒட்டி ரோடு போனது, அதில் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது.

"நான் போற ரோடா அது?"

தம்பி புதருக்குள்ளிருந்து ஆமாம் என்றான்.

"கடல் இவ்வளவு பக்கத்துலயா இருக்கு" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள். அவன் கைக் கீறல்களைப் பார்த்தாள். நான் நிறத்தைக் கேட்டேன். தனக்கு நீலம்தான் என்றாள். ஆனால் கடலைப் பார்க்கிறவர்களுக்கு மேடு மட்டும் போதாது, மேட்டுக்கு முன்னால் 'நின்று பாருங்கள்' என்று ஒரு பலகையும் வைக்க வேண்டும் என்றாள். பரீட்சை முடிந்தது.

மிச்சத் தூரத்தில் கல் அதிகம், முன்னால் நடந்து காட்டுகிறேன் என்று தம்பி அவசரமாகப் புதரிலிருந்து வெளியே வந்தான்.

"வேணாம். நீங்க பின்னாடி வாங்க."

இறங்கிப் போய் சைக்கிளில் ஏறி மரங்களுக்குள் மறைந்தாள். நாங்கள் நடந்தோம். கீழேயிருந்து பிரேக் சத்தம் விடாமல் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் அது நின்றது. சக்கரம் மண்ணில் உருளும் சத்தம் மட்டும் வந்தது. தம்பி என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"பிரேக்கை விட்டுட்டா, அக்கா."

"நீ சொல்லியா விட்டா?"

"இல்ல" என்றவன் தடத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, முள் எடுக்கிற சாக்கில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.