அழுத்திப் பிடித்த கேபிள்

மருத்துவமனையின் அடித்தளத்தில், விரல் விறைத்துப்போகும் குளிரில் இரண்டு சேமிப்புப் பெட்டிகள் நின்றன. எக்ஸ்ரே முதல் மூளைப் படம் வரை எல்லாம் அவற்றுக்குள்தான். மூத்தவள், இளையவள் என்று பேர் வைத்தவள் அந்த அறையைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினியர். ஒருத்தி படுத்துவிட்டால் மற்றவள் அவளுடைய நெட்வொர்க் முகவரியை வாங்கிக்கொண்டு படங்களைத் தர வேண்டும். அதற்காகத்தான் இத்தனை கேபிள், இத்தனை செலவு.

அன்று மதியம் மூத்தவளின் கேபிள் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. மாடியில் லிஃப்ட் இயக்கும் அண்ணனுக்கு ஆபரேஷன், தலையில் கட்டி. "என் தலைக்குள்ள ஏதோ இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு, இனிமே கிண்டல் பண்ணாத" என்று காலையில்தான் இன்ஜினியரிடம் சிரித்துவிட்டுப் போனார். டாக்டர் கத்தி வைப்பது திரையில் தெரியும் படத்தை நம்பித்தான். விளக்கு அணைந்தால் படமும் போய்விடும்.

இளையவள் இருக்கும்போது என்ன பயம்? இன்ஜினியர் முகவரியை அவளிடம் மாற்றினாள். திரை பச்சை காட்டியது. பச்சையைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கெட்ட பழக்கம். புதிது மாற்றுவதற்காக மூத்தவளின் கேபிளை உருவினாள். அதை உள்ளே கவ்வி நிறுத்தும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து கீழே விழுந்தது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கும் அவள் தங்கை.

"அக்கா, படம் போச்சு! திரை கருப்பா இருக்கு!"

அப்போதுதான் உறைத்தது. அது புதிதாகக் கட்டிய தியேட்டர். அதற்குப் படம் போகும் நெட்வொர்க் பாதையை மூத்தவளின் பக்கம் மட்டும் திறந்துவிட்டு, இளையவளின் பக்கம் திறக்க எல்லோருமே மறந்திருந்தார்கள். முகவரி இளையவளிடம் இருந்தது, வழிதான் இல்லை. பச்சை விளக்குக்கு அதைப் பற்றி என்ன கவலை!

அதே கேபிளை மூத்தவளிடம் சொருகினாள். நிற்கவில்லை, கேபிள் கட்டின் கனம் வெளியே இழுத்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். விளக்கு எரிந்தது. இடது கையாலேயே தட்டித் தடவி முகவரியைத் திருப்பி அனுப்பினாள். கடவுளே, கடவுளே என்று வாய் தானாக முணுமுணுத்தது.

"வந்துடுச்சு அக்கா."

மாற்றுக் கேபிள் எதிர் அலமாரியில், எட்டாத தூரத்தில் இருந்தது. அறைக் கதவோ வெளியிலிருந்து அவள் கார்டுக்கும் மேலாளர் கார்டுக்கும்தான் திறக்கும். இளையவளின் பாதையைத் திறக்கும் அனுமதியும் மேலாளரிடம்தான், அவர் ஊரில் இல்லை.

"ஒரே ஒரு நிமிஷம் விட்டுட்டு வேற கேபிள் போடட்டுமா? டாக்டரைக் கேளுடி."

தங்கை டாக்டரிடம் போய் வந்தாள். "கேட்டேன். இனி ஒரு நொடி கூடப் போகக்கூடாதாம். கத்தி உள்ள போறப்ப படம் போச்சுன்னா அண்ணனுக்குப் பேச்சே வராம போயிடுமாம்."

கட்டைவிரல் அதற்குள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. இடது கையாலும் சேர்த்து அழுத்தினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பதான் அக்கா மண்டை ஓட்டைத் திறந்திருக்காங்க."