வெந்நி மைதீன்

எங்கள் ராதாபுரம் பக்கம் பூமியில் ஓட்டை போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: குடிதண்ணீர். இது பூமியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கப் போடும் சோதனைக் கிணறு என்று ஒரு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். சவூதியில் இருபது வருஷம் எண்ணெய்க் கிணறு தோண்டியவன் பேச்சை யார் கேட்டார்கள்? பம்பு ஓடிய அன்று ஊரே குடத்தோடு வரிசையில் நின்றது. முதல் குடம் என் பெண்டாட்டி ஜமீலா பீவியுடையது.

தண்ணீர் ஆவி பறக்க வந்தது. வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. கருவியைப் பார்த்த இன்ஜினியர் ஜெய்சனின் முகம் தொங்கிவிட்டது.

"அறுபத்துநாலு டிகிரிதான் அண்ணாச்சி. கரண்டு எடுக்க நூறு டிகிரியாவது வேணும். கிணத்த மூடச் சொல்லிருவாங்க."

எனக்கு அழுகையே வந்தது. டீக்கடையில் நான் அடித்த தம்பட்டத்தில் 'கரண்டு மைதீன்' என்றே பேராகியிருந்தது. இனி எந்த முகத்தோடு அங்கே போவேன்?

ஜமீலாவின் கவலை வேறு. மூன்று நாளாக விடாத மழை. அவள் பறித்த முருங்கை இலை முழுதும் கிணற்றை ஒட்டிய எங்கள் கொட்டகையில் ஈரமாகக் கிடந்தது. அன்றைக்குள் காயாவிட்டால் கறுத்துவிடும். கறுத்த இலையைப் பொடி அரைப்பவர்கள் சீண்ட மாட்டார்கள். அவள் தண்ணீரை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"தம்பி, இந்த வெந்நி சாயங்காலம் வரைக்கும் வருமா?"

"நிறுத்துனாத்தான் நிக்கும் அக்கா."

"அப்ப நிறுத்தாதீங்க. ஏங்க, மரமாட்டம் நிக்கீங்க? நம்ம வீட்டுல கெடக்க லாரி ரேடியேட்டரத் தூக்கிட்டு வாங்க. அதுக்குள்ள வெந்நிய விட்டு, பின்னால ஃபேனப் போட்டா அனல்காத்து வராதா?"

வந்தது! நடுவில் உப்புப் படிந்து குழாய் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. குடத்தோடு நின்றவர்களே சேர்ந்து கம்பியால் குத்தி அடைப்பை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் அசர் தொழுகைக்குள் இலை பச்சை மாறாமல் மொறுமொறுத்தது. ஐம்பத்தெட்டு வயதில் நான் துள்ளிக் குதித்தேன்.

ஜெய்சனின் அறிக்கைப் படிவத்தில் ஒரே கேள்வி: மின்சாரம் கிடைக்குமா? 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"அதுக்குக் கீழ, 'இலை காஞ்சிருச்சு'ன்னு எழுதுங்க தம்பி," என்றாள் ஜமீலா.

"அதுக்குக் கட்டமே இல்லியேக்கா."

"ஒண்ணு போடுங்க. பேனா இருக்குல்லா?"

ஜெய்சன் சிரித்துக்கொண்டே கட்டம் போட்டார். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் கிணற்றை மூட வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்தி டீக்கடைக்குப் போனேன்.

"வாரும்வே, வெந்நி மைதீன்!" என்றார்கள்.