தனி ஆளின் தரப்பு

எங்கள் மொன்டானா கல்லூரியில் துப்பாக்கி உரிமை விவாதத்தை, மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமையில் வைத்த அறிவாளி யாரென்று தெரியவில்லை. துப்பாக்கி இருப்பவர்கள் எல்லாம் காட்டில். இல்லாதவர்கள், இருப்பவர்களின் வண்டியில், காட்டில்.

நானும் போயிருக்க வேண்டியவன். அறைத்தோழன் கோல்டர் தன் பிக்கப் வண்டியில் எனக்கு இடம் வைத்திருந்தான். இந்த ஊரில் எனக்கென்று ஒருவர் வைத்த முதல் இடம். ஆனால் எங்கள் விவாத மன்றத்தில் யாருக்கு எந்தத் தரப்பு என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவுசெய்வார்கள். எனக்கு விழுந்தது: "ஆயுத உரிமை ஊர்மக்கள் திரளும் குடிப்படைக்கே, தனி ஆளுக்கு அல்ல." சுவரொட்டியில் அதன் கீழே என் படம்.

"எங்கப்பா ரைஃபிளப் புடுங்கப் போறியா எமெட்?" என்றான் கோல்டர்.

"காசு சுண்டிப் போட்டாங்கடா. தல விழுந்திருந்தா உன் பக்கம் பேசியிருப்பேன்."

"அப்ப உனக்குன்னு ஒரு பக்கமே கெடையாதா? அது இன்னும் கேவலம்டா. வண்டியில எடமில்ல."

அரங்கில் நாற்காலிகள் திரளாக வந்திருந்தன. நடுவர் பேராசிரியர் ஹாகன் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். எனக்கு எதிராகப் பேச வேண்டிய மார்லிஸ், தன் உரிமையைப் பயன்படுத்தக் காட்டுக்குப் போய்விட்டாள்.

"எதிராளி வரல. நீ ஜெயிச்சாச்சு, கெளம்பு."

"ரூம்ல யாரும் இல்ல மேடம். பேசிட்டே போறேனே."

அவர் பின்னலை மடியில் வைத்தார்.

பேசினேன். அரசமைப்பில் ஆயுத உரிமையை எழுதியவர்கள் மனதில் இருந்தது தோளோடு தோள் நிற்கும் குடிப்படை. ஒவ்வொரு குண்டாகத் திணித்துச் சுட்ட காலம் அது. மறுக்க ஆள் இல்லாததால் மார்லிஸின் மேசைக்குப் போய் நானே மறுத்தேன்: "மக்களின் உரிமை" என்றல்லவா எழுதியிருக்கிறார்கள்? அதே அரசமைப்பு தரும் பேச்சுரிமையைப் படைக்கு மட்டும் என்றா படிக்கிறோம்? திரும்பி என் மேசைக்கு வந்தேன். என் குறிப்புத் தாளை இரு பக்கமும் புரட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

"அந்தப் பக்கந்தாம்ப்பா ஜெயிச்சுது," என்றார் ஹாகன். "சரி, நீ எத நம்புற?"

இதுவரை யாரும் கேட்டதில்லை.

"குடிப்படையத்தான் மேடம். நெஜமாவே. ஆனா படைன்னா நாலு பேரு வேணுமே."

வெளியே வந்ததும் கோல்டரிடமிருந்து செய்தி: "நாளைக்கு ஒரு ஆள் கொறையுது. அந்தப் பேச்செல்லாம் சும்மான்னு சொல்லிட்டு வாடா."

ஒரு சொல் அனுப்பினால் வண்டியில் இடம். "சும்மா இல்லடா," என்று அனுப்பினேன்.

பிறகு உணவுக்கூடத்துக்குப் போனேன். எந்த மேசை வேண்டுமானாலும் கிடைத்தது.