மாதம் ஐந்நூறு மெயில்

அவருக்குக் கடைசித்தேதி என்று பெயர் விழுந்து இருபது வருஷம் இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் பாலிசித் தாளில் ஏஜெண்ட் கையெழுத்துப் போடுகிற இடத்தில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி யாரைக் கேட்டாலும் "யாரு, நம்ம கடைசித்தேதியா?" என்பார்கள். இன்ஷூரன்ஸ் விற்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. விற்ற பிறகு ஆள் அட்ரஸே இருக்காது. இவர் அப்படியில்லை. பிரீமியம் கட்டும் நாள் நெருங்கினால் ஃபோன் அடிப்பார். எடுக்காவிட்டால் வாசலில் வந்து நிற்பார். "இருபத்தஞ்சு கடைசித் தேதி. மறந்துடாதீங்க" என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். சரியான பிடுங்கல் பிடித்த மனுஷன். ஆனால் அவர் கையில் ஒரு பாலிசிகூட அதுவரை காலாவதி ஆனதில்லை.

ஐம்பத்தாறு வயதில் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மூன்றாவது மாடி வாடிக்கையாளர்களைக் கீழே நின்று கூப்பிட வேண்டிய நிலைமை. அந்த நேரம் பார்த்து, டை கட்டின சின்ன வயசு ஏஜெண்ட் ஒருவன் முளைத்தான். அவனுக்கு வெப்சைட் இருந்தது. வீட்டுக்கு வீடு ஏறி இறங்காமலே ஆள் பிடித்தான். ஒரே வருஷத்தில் கடைசித்தேதியின் பழைய ஆட்கள் முப்பது பேர் அவன் பக்கம் போய்விட்டார்கள்.

"நீயும் ஒண்ணு போடேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் அலைவே?" என்றாள் மனைவி.

அச்சகத்து மாடியில் இருந்தது அந்த வெப்சைட் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பெண். கீழே மெஷின் ஓடும்போது மேஜையில் பேனா தானாக உருண்டது. அந்தப் பெண் பொறுமைசாலி. எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொன்னாள். பின்னால் அவள்மேல் பழி போட இவரால் முடியவில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"மூணு பேக்கேஜ் இருக்கு சார். முதல்ல உள்ளதுல வெப்சைட்டோட மாசம் ஐநூறு மெயில். அடுத்ததுல அஞ்சாயிரம். மூணாவதுல கணக்கே கிடையாது."

"என்கிட்ட மொத்தமே நானூத்தி நாப்பத்தெட்டு பேருதானேம்மா. ஐநூறு தாராளம்."

"ஒரு ஆளுக்கு மாசத்துல ஒரு மெயில்தான்னா சரி சார். பிறந்தநாள் வாழ்த்து, பிரீமியம் ஞாபகம்னு ரெண்டு மூணு அனுப்பினா பத்தாது. ஐநூறு தாண்டினா நின்னுடும்."

"நின்னா, மிச்சம் என்னாகும்? வீணாப் போயிடுமா?"

"இல்ல சார், வரிசையில காத்திருக்கும். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி நீங்க சொன்ன நேரத்துக்குத் தானாப் போயிடும்."

"அப்புறம் என்ன? வீணாகலைன்னா போதும்" என்றார் கடைசித்தேதி. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் தேதி சொன்ன மனுஷன், ஒரு மெயில் தேதி தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மலிவானதை எடுத்தார். அனுப்பும் நேரம் காலை பத்து மணி என்று அவரே சொன்னார். "அப்பத்தான் எல்லாரும் ஃபோனை நோண்டிக்கிட்டு இருப்பாங்க."

வெப்சைட் முகப்பிலும் ஒவ்வொரு மெயிலிலும் போட ஒரு குடும்பப் படம் வேண்டுமாம். காசு கொடுத்தால் வெள்ளைச் சிரிப்போடு யாரோ ஒரு குடும்பம் கிடைக்கும். கடைசித்தேதிக்கு அது அநியாயமாகப் பட்டது. தங்கை குடும்பத்தின் படத்தைக் கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக்கான தங்கை புருஷன், தங்கை, கல்லூரிக்குப் போகிற மகள், மூன்று பேரும் வாய் நிறையச் சிரிக்கிற படம். அதற்குக் கீழே வாடிக்கையாளர் சொல்வது மாதிரி இரண்டு வரி வேண்டும் என்றாள் அந்தப் பெண். ஃபோனில் கேட்டதற்கு மாப்பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான் தேதியை ஞாபகம் வச்சதே இல்லை, என் மச்சான் பாத்துக்குவாருன்னு போடுங்க மச்சான். நிஜமும் அதானே?"

நிஜம்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த டேர்ம் பாலிசியை மாப்பிள்ளை தலையில் கட்டியவர் இவர்தான். ஆள் போனால் பெரிய தொகை, இருந்தால் ஒன்றும் கிடையாது. "கான்ட்ராக்ட் வேலை, கம்பெனி ஒரு பைசா தராது. உங்களுக்கு ஏதாவதுன்னா இதுங்க ரெண்டும் தெருவுலதான் நிக்கணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் எடுக்க வைத்தார். அதன் பிறகு வருஷா வருஷம் இவர் ஃபோன் போடுவார், "மாப்பிள்ளை, நாளைக்குக் கடைசி" என்பார், மாப்பிள்ளை லிஃப்டுக்குள் இருந்தபடியே கட்டிவிடுவார்.

பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது யாருக்கு முதலில் போக வேண்டும் என்று அந்தப் பெண் வரிசை கேட்டாள். இழுத்தடிக்கிறவர்கள், டை கட்டினவனிடம் ஓடக்கூடியவர்கள், புதிதாக வந்தவர்கள் எல்லாரையும் மேலே போட்டார். பெரியப்பா மகன், கூடப் படித்தவன், சம்பந்தி, மாப்பிள்ளை என்று சொந்தபந்தத்தைக் கடைசியில் தள்ளினார். நம்ம ஆளுங்கதானே, எங்கே போய்விடப் போகிறார்கள்!

மாதம் பிறந்ததும், வெப்சைட் தொடங்கிய செய்தி நானூற்று நாற்பத்தெட்டு பேருக்கும் போயிற்று. பாராட்டி எத்தனை ஃபோன்! கடைசித்தேதிக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாம் தேதி, அந்த மாதம் பிரீமியம் கட்ட வேண்டிய அறுபத்து நான்கு பேருக்கு ஞாபக மெயில் அனுப்பினார். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. அதைப் பார்த்துவிட்டு முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தார். ஃபோன் அடிக்கவில்லை. வாசலில் போய் நிற்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு ஓய்வு.

இருபதாம் தேதி தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மாப்பிள்ளைக்கு ஒரே குஷி.

"மச்சான், லிஃப்ட்ல ஏறுறவங்க கிட்டயெல்லாம் நம்ம படத்தைக் காட்டிட்டேன். ஒரு அம்மா என்னை நடிகரான்னு கேட்டுடுச்சு!"

"ஆமா, நடிகருக்கு இப்படித்தான் தொப்பை இருக்கும்" என்றாள் தங்கை. எல்லாரும் சிரித்தார்கள். இருபத்தைந்து கடைசி என்பது கடைசித்தேதியின் நாக்கு நுனி வரை வந்தது. மெயில்தான் போயிருக்கிறதே, சாப்பாட்டு நேரத்தில் எதற்குப் பிரீமியம் பேச்சு என்று முழுங்கிவிட்டார்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம், ஒன்பது மாடிக் கட்டடத்தின் மோட்டார் அறையில் மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட் ஓடவில்லை. ஒன்பது மாடியும் அவரைப் படிக்கட்டு வழியாகத்தான் தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. நாற்பத்தாறு வயது. பாவி மனுஷன், ஒரு தலைவலி என்றுகூட யாரிடமும் சொன்னதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு தங்கை பாலிசிப் பத்திரத்தை எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தாள். "எனக்கு ஒண்ணும் புரியாது அண்ணா. நீதான் பாத்துக்கணும். இது வந்தாத்தான் இவ படிப்பும் வீட்டு வாடகையும்." அழுது அழுது அவள் குரல் கம்மிப் போயிருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி அவர் கிளை அலுவலகத்தில் இருந்தார். க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அவரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். அந்த அம்மா பாலிசி எண்ணைத் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினார்.

"சார், சலுகை நாளும் சேர்த்து இது இருபத்தஞ்சோட காலாவதி ஆயிருக்கே."

"இருக்காதும்மா. சரியாப் பாருங்க."

"ரெண்டு தடவை பாத்துட்டேன் சார். உங்க கையிலயா? நம்பவே முடியலை." அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உயிரோட இருந்தா அபராதம் கட்டிப் புதுப்பிச்சிடலாம். இறந்தவருக்கு வழியே இல்லை. டேர்ம் பாலிசிங்கிறதால கட்டினதுல ஒரு பைசாவும் திரும்பாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இதே வார்த்தைகளைச் சொல்லித்தானே அவர் ஊரையே பயமுறுத்தி வைத்திருந்தார்! வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். ஃபோனில் மெயில் கணக்கைத் திறந்தார். பச்சை டிக்குக்குக் கீழே, அதுவரை அவர் ஒருநாளும் பார்க்காத இடத்தில், சின்ன எழுத்தில் இருந்தது: அனுப்பியவை 500. காத்திருப்பவை 12.

பன்னிரண்டு பெயரையும் படித்தார். எல்லாம் சொந்தபந்தம். கடைசிப் பெயர் மாப்பிள்ளையுடையது.

மற்ற பதினொரு பேருக்கு அந்தப் படியில் இருந்தே ஃபோன் போட்டிருக்க வேண்டும். அதுதானே அவர் தொழில்? அவருக்கு அது உறைக்கவே இல்லை. தங்கையிடம் என்ன சொல்வது என்ற ஒன்றுதான் மண்டையைக் குடைந்தது. உன் தாலி போன மூன்றாம் நாள், உன் பிள்ளையின் சோற்றிலும் நான்தான் மண்ணைப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? மலிவு பேக்கேஜுக்கு ஆசைப்பட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுக்கு நடந்து போகும்போதே இன்னொரு பேச்சு மனசுக்குள் தயாராகிவிட்டது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

மறுநாள் காலை தங்கை வீட்டுக்குப் போனார். கூடத்தில் வாடகை நாற்காலிகள் இன்னும் அடுக்கியபடி இருந்தன. மகள் மூலையில் சுருண்டு தூங்கினாள். மாப்பிள்ளையின் ஃபோன் சார்ஜில் கிடந்தது. விஷயம் தெரியாமல் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்காகத் தங்கை அதை அணைக்காமல் வைத்திருந்தாள்.

"அண்ணா, ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"அது வந்து..." கடைசித்தேதி தரையைப் பார்த்தார். "கஷ்டம்தாம்மா. இருபத்தஞ்சுக்குள்ள கட்டியிருக்கணும். மாப்பிள்ளை கட்டலை."

"கட்டலையா? ஏன் கட்டலை?"

"எட்டாம் தேதியே மெயில் அனுப்பிட்டேன்மா. மாப்பிள்ளைதான் கவனிக்காம விட்டுட்டாரு. நான் என்ன பண்றது? அவரு சுபாவம்தான் உனக்குத் தெரியுமே."

தங்கை அப்படியே சுவரில் சாய்ந்தாள். பிறகு புருஷனின் சட்டை தொங்கிய ஆணியைப் பார்த்துப் பேசினாள். "என்ன மனுஷன் நீ? ஒரு மெயிலைப் பாக்க உனக்கு நேரமில்லையா? எங்களைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சியா? இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டியே!" மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். செத்தவரைத் திட்டித் திட்டி அழுதாள். கடைசித்தேதி தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒன்றுக்காகவே அவரை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. சார்ஜில் கிடந்த ஃபோன் ஒரு தரம் சிணுங்கியது.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். யாராவது வேலைக்குக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். திரையில் அவளும் மகளும் அவரும் வாய் நிறையச் சிரித்தார்கள். கீழே அவர் சொன்ன வரி: நான் தேதியை ஞாபகம் வச்சதே இல்லை, என் மச்சான் பாத்துக்குவாரு. அதற்கும் கீழே இருந்ததை அவள் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"உங்கள் பிரீமியம் கட்டக் கடைசித் தேதி இருபத்தைந்து. உங்கள் குடும்பத்தை மறந்துவிடாதீர்கள்."

மெயிலின் தலைப்பில் இருந்த தேதியைப் பார்த்தாள். விரலால் மேலே தள்ளிப் பழைய மெயில்களைப் பார்த்தாள். வெப்சைட் தொடங்கிய செய்தி ஒன்று இருந்தது. அவர் அதைத் திறந்து படித்திருந்தார். வேறு எதுவும் இல்லை.

"இது இன்னிக்குத்தானே வந்திருக்கு அண்ணா?"

கடைசித்தேதி அந்த ஃபோனை வாங்கக் கை நீட்டினார்; தங்கை கொடுக்கவில்லை.

"நீ மறந்திருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன். நீயும் மனுஷன்தானே." அவள் கத்தவில்லை. "அவரைத் திட்ட வச்சுட்டியே அண்ணா. நாலு நாள்தான் ஆச்சு அவரு போய். என் வாயாலேயே அவரைத் திட்ட வச்சுட்டியே."

அப்போது கடைசித்தேதியின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. பெரியப்பா மகன். அது நிற்பதற்குள் கூடப் படித்தவன். அடுத்து சம்பந்தி. பத்து மணிக்கு எல்லாரும் ஃபோனை நோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தேதி தாண்டிய பிறகு வந்த மெயிலைப் பார்த்துப் பதறிப்போய்க் கூப்பிடுகிறார்கள். அவர் எடுக்காமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துப் பேசு" என்றாள் தங்கை. ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவங்க உயிரோட இருக்காங்க."